முகம் எரிவதாக உணரும் உணர்வு

பெண்ணின் முகம் அவள் கழுத்துக்கு மேலே இருக்கிறது என்றுதான் மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாக நம்பி வந்தது. அது பெரும் பிழை, முகம் இருப்பது மனதில் என்று கண்டறிந்து சொன்ன பெருமை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையையே சேரும். 2007-ஆம் ஆண்டு, பங்குனி வெயிலில், தகரக் கூரை போட்ட ஒரு க்ரீம் கம்பெனிக்குள் நிகழ்ந்த இந்தக் கண்டுபிடிப்புக்கு உலக அளவில் இதுவரை எந்தப் பரிசும் வரவில்லை. விஞ்ஞான உலகம் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடித்தவர் அறிவுமதி. வயது முப்பத்தொன்று. ‘பெல் லூன் ஹெர்பல்ஸ்’ நிறுவனத்தின் மனிதவள மேலாளர். மனிதர்களை வளமாக்குவது மனிதவள மேலாளரின் வேலை என்று விவரம் தெரியாதவர்கள் நினைக்கிறார்கள். மனிதர்களை வைத்து வளமாவது முதலாளியின் வேலை. அப்படி அவர் வளமாகும்போது மனிதர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது மேலாளரின் வேலை. அறிவுமதி அதை மனசாட்சியோடு செய்துவந்தார்.

முதலாளி கோவிந்தராசு, ரெட்டியார்பாளையத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். தீவனத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. சரக்கு சரியில்லை என்றால் மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அதற்கு விளம்பரம் காட்டிப் புரியவைக்க முடியாது. இந்தத் தொல்லை இல்லாத வாடிக்கையாளர்களைத் தேடித்தான் அவர் சிவப்பழகு க்ரீம் தொழிலுக்கு வந்தார். பிரெஞ்சுப் பெயர் வைத்தால் விழுப்புரத்துக்கு மேற்கே பிய்த்துக்கொண்டு போகும் என்று யாரோ சொல்ல, ஓய்வு பெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவரைப் பிடித்து ‘பெல் லூன்’ என்ற பெயரைக் கேட்டு வாங்கினார். அழகிய நிலா என்று அர்த்தமாம். தொழிலாளிகள் வாயில் அது முதல் வாரமே ‘பலூன்’ ஆகிவிட்டது.

அந்த ஆண்டு கோவிந்தராசு ‘டபுள் பவர்’ என்று புதிய சரக்கு இறக்கினார். வடக்கேயிருந்து மூட்டையில் வந்த ஒரு வெள்ளைப் பொடிதான் அந்தப் பவர். டீலர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வரத் தொடங்கியதும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அறிவுமதியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா அறிவு, உள்ள வர்ற டீலரு மொதல்ல எதப் பாக்கறான்?”

“மெஷினைங்களா சார்?”

“மெஷின எவன் பாக்கறான். ஃபில்லிங்ல உக்காந்திருக்குற பொண்ணுங்க மொகத்தப் பாக்கறான். அதுங்க எல்லாம் நம்ம ஊரு கலர்ல இருக்குதுங்க. அவனுக்கு எப்பிடி நம்பிக்க வரும்?”

அன்று முதல் டப்பாவில் க்ரீம் நிரப்பும் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ‘டபுள் பவர்’ டப்பா இலவசம். தினமும் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்கார வேண்டும். ஆபீஸ் ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு. டீலர் அவர்களிடம் கணக்கைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான் என்று முதலாளி கருதினார். அறிவுமதிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். அவரும் மாநிறத்துக்குச் சற்றுக் கீழே. போதாக்குறைக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல. நிற்கும்போது எப்போதும் ஒரு ஃபைலை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். உட்கார்ந்தால் கைப்பை மடிக்கு வந்துவிடும். மதியச் சாப்பாட்டைப் பல நாள் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார். தனக்கு ஒரு டப்பா கேட்கலாமா என்று இரண்டு தரம் யோசித்து, கௌரவம் கருதி விட்டுவிட்டார். கௌரவம் சில சமயம் தோலைக் காப்பாற்றுகிறது.

தொடக்கத்தில் முகங்கள் வெளுத்தன. பெண்களுக்குச் சந்தோஷம், முதலாளிக்கு அதைவிடச் சந்தோஷம். பிறகு எரிந்தது. பிறகு கன்னம் வீங்கி, தொழிலாளிகள் வைத்த பெயர் எத்தனை தீர்க்கதரிசனமானது என்பது தெரிந்தது. வீக்கம் வடிந்த இடத்தில் கருநீலமாகத் திட்டுகள் வந்து உட்கார்ந்தன.

கலைவாணியும் சின்னப்பொண்ணும் மேலாளரின் ஏ.சி. அறைக்கு வந்தார்கள். கலைவாணி முத்தியால்பேட்டைக்காரி. அவள் மாமனார் மில் தொழிலாளி. மில் மூடியபின் குடும்பத்தில் நிலையான சம்பளம் அவளுடையது ஒன்றுதான். சின்னப்பொண்ணு பாகூர்ப் பக்கத்துக் கிராமம், நடவு இல்லாத நாளில் கம்பெனிக்கு வரத் தொடங்கி, பிறகு நடவுக்கும் லீவு போடாதவள்.

“மேடம், மொகம் எரியுது,” என்றாள் கலைவாணி. “தண்ணி பட்டா கூடத் தாங்க முடியல. க்ரீம நிறுத்திடறோம். டாக்டருகிட்ட கம்பெனி இட்டுக்கினு போவணும்.”

இந்த இடத்தில் வரலாறு ஒரு கணம் நின்று மூச்சு வாங்கியது. ஏனென்றால், அறிவுமதி அதற்கு முந்தைய வாரம்தான் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். ‘பெண்களின் உடற்பிம்பமும் ஆளுமையும்: ஓர் உணர்வறிவுப் பார்வை’ என்பது பயிற்சியின் தலைப்பு. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி மனதில் வைத்திருக்கும் படம்தான் உடற்பிம்பம். அந்தப் படம் நல்லதாக இருப்பதும் கோரமாக இருப்பதும் அவள் ஆளுமையைப் பொறுத்தது. தன் உணர்வுகளைத் தானே அடையாளம் கண்டு பெயர் சொல்லத் தெரிந்தவள் தன் உடம்போடு சமாதானமாக இருக்கிறாள். தெரியாதவள் கண்ணாடியோடு சண்டை போடுகிறாள். பயிற்சியில் இதையெல்லாம் கேட்டபோது அறிவுமதிக்குக் கண் கலங்கியது நிஜம். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தார். அது நல்ல பாடம்தான். நல்ல பாடத்தை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது என்பதில்தான் மேலாண்மைத் திறன் இருக்கிறது.

“கலைவாணி, உட்காருங்க. முகம் எரியுதுன்னு சொல்றீங்க. அதை வேற மாதிரி சொல்லிப் பாருங்க. ‘என் முகம் எரிவதாக நான் உணர்கிறேன்.’”

“ஆமா மேடம், எரியுது.”

“எரியுது இல்ல. எரிவதாக உணர்கிறேன்.”

“அப்பிடிச் சொன்னா எரியாதுங்களா?” என்று சின்னப்பொண்ணு நம்பிக்கையோடு கேட்டாள்.

அறிவுமதி அவளைக் கனிவோடு பார்த்தார். “திட்டு இருக்குன்னு நெனைக்கிறீங்களே, அது முகத்துல இல்ல. உங்களப் பத்தி நீங்க வச்சிருக்குற படத்துல இருக்கு.”

சின்னப்பொண்ணு திரும்பிக் கலைவாணியின் கன்னத்தைப் பார்த்தாள். “எனக்கும் தெரியுதே மேடம்.”

“அது உங்க படம்.”

செய்தி முதலாளிக்குப் போனது. டாக்டர், பரிசோதனை, சரக்கை நிறுத்துவது என்று பயந்துகொண்டிருந்த கோவிந்தராசு, கோளாறு சரக்கில் இல்லை, பெண்களின் ஆளுமையில் என்று கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தீவனத் தொழிலில் இருபது வருஷம் இருந்தும் மாட்டின் ஆளுமையைப் பற்றி இப்படி எடுத்துச் சொல்லத் தனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லையே என்று அவர் மனம் வெம்பியது. பெரிய அளவில் ஒரு பயிலரங்கு நடத்தச் சொன்னார். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். டாக்டர் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்.

பயிலரங்குக்கு முன்னால் கலைவாணி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அறிவுமதி விசாரிக்க முத்தியால்பேட்டைக்கு நேரிலேயே போனார். கூட ‘ஆலோசனை’யும் வழங்கலாம் என்று எண்ணம். சந்துக்குள் ஸ்கூட்டி போகவில்லை. தச்சுப் பட்டறை ஒன்றின் வாசலில் நிறுத்திவிட்டு நடந்தார்.

உள்ளே கலைவாணியின் மகள் அபி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வெயில் காலத்திலும் துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி முகத்தை மறைத்திருந்தாள்.

“எனக்குக் குடுத்த டப்பாவ இவ எடுத்துப் போட்டிருக்கா மேடம்,” என்றாள் கலைவாணி. குரலில் கோபம் கூட இல்லை. “எனக்குத் தெரியவே தெரியாது. ஸ்கூல்ல எவளோ கருவாச்சின்னு சொன்னாளாம். ஒரு நாளைக்கு ரெண்டு தரம், மூணு தரம்னு போட்டிருக்கா. பரீச்சைக்குப் போவ மாட்டேங்கறா.”

அறிவுமதி பாயில் உட்கார்ந்தார். கைப்பை தானாக மடிக்கு வந்தது. “அபி, இங்க திரும்பு. நான் உன் ஃப்ரெண்டு மாதிரி.”

அபி திரும்பினாள். துப்பட்டா நழுவியது. இரண்டு கன்னத்திலும் தோல் உரிந்து, உரிந்த இடம் ஈரமாகப் பளபளத்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. அறிவுமதியின் கை அவளைத் தொட முன்னால் நீண்டது. பயிற்சியில் சொல்லித் தந்தபடி உடனே அதற்குப் பெயர் வைத்தார்: ‘பரிவு’. பெயர் வைத்ததும் கை மடிக்குத் திரும்பிவிட்டது. அந்த முறையின் சிறப்பே அதுதான்.

“கண்ணாடில பார்க்கும்போது உனக்கு என்னம்மா தோணுது?”

“கண்ணாடிய அம்மா எடுத்து வச்சுட்டாங்க.”

“நீ பார்க்குறது உன் முகம் இல்ல அபி. உன் மனசுல இருக்குற படம். மனசு மாறினா முகம் மாறிடும்.”

அபி துப்பட்டாவை மறுபடி இழுத்துக்கொண்டாள். “ஆன்ட்டி, நான் கருப்பா இருந்தேன்ல. அது மனசுலயா, மொகத்துலயா?”

கம்பெனியின் விளம்பரம் முழுக்க நின்றுகொண்டிருந்தது அந்த ஒரு கேள்வியின் மேல்தான். அறிவுமதி பொறுப்புள்ள அதிகாரி. “அது முகத்துலதாம்மா,” என்றார்.

“அப்ப இது?”

“இது மனசுல.”

அபி திரும்பவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கலைவாணி மேலாளருக்கு டீ போடப் போகவில்லை. டீ கொடுக்காமல் அவள் அதுவரை யாரையும் வீட்டிலிருந்து அனுப்பியதில்லை.

பயிலரங்கு கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலின் மாடி மண்டபத்தில் சிறப்பாக நடந்தது. வெளியே பேனர். உள்ளே பெண்கள் எல்லோரும் யூனிஃபார்மில். ஆளுமை நிபுணர் அன்பழகன் சென்னையிலிருந்து புரொஜெக்டரோடு வந்திருந்தார். அன்பும் அழகும் பெயரிலேயே இருந்ததால் அவர் வேறு தகுதி எதையும் தேடிப் போகவில்லை. முதலாளியின் மனைவி ஜெயம் சிறப்பு விருந்தினர். பட்டுப்புடவை, முகத்துக்கு மஞ்சள் தவிர எதுவும் இல்லை. அவர் இதற்கு முன் கம்பெனி விசேஷம் எதற்கும் அழைக்கப்பட்டதில்லை. மேடையில் பெருமையும் கூச்சமுமாக உட்கார்ந்திருந்தார்.

அன்பழகன் பெண்களிடம் கேள்வி கேட்டு, பதிலைப் பொறுத்து ஒவ்வொருவரையும் ஒரு பூவாக அறிவித்தார். தன்னம்பிக்கை உள்ளவள் ரோஜா. பொறுமைசாலி மல்லி. தலைமைப் பண்பு உள்ளவள் தாமரை. எதற்கெடுத்தாலும் பதறி, இல்லாத உபாதையை இருப்பதாக நினைப்பவள் கனகாம்பரம்.

“கண்ணாடியைப் பார்த்தால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றுகிறது?” என்று சின்னப்பொண்ணைக் கேட்டார்.

“தொடைக்கணும்னு தோணுதுங்க.”

“கனகாம்பரம்,” என்றார் நிபுணர்.

முகத்தில் திட்டு உள்ளவர்கள் எல்லோருமே விஞ்ஞானபூர்வமாகக் கனகாம்பரங்களாக இருந்தார்கள். திட்டு இல்லாத இரண்டு பேர் மட்டும் ரோஜா. அந்த இரண்டு பேரும் டப்பாவைத் திறக்காமலே அக்கம்பக்கத்தில் விற்றுவிட்டவர்கள் என்பதை நிபுணர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

“எங்க கொல்லையில கனகாம்பரம் போட்டிருக்கோம் சார்,” என்றாள் சின்னப்பொண்ணு. “அது பாட்டுக்குப் பூக்கும். அதுக்கு எரிச்சல்லாம் வந்ததில்ல.”

“பார்த்தீர்களா, எதிர்வாதம். இதுவும் கனகாம்பரத்தின் இயல்பு.”

பிறகு எல்லோரும் எழுந்து, கண்ணை மூடி, ‘என் முகம் அழகு, என் உணர்வுக்கு நானே பொறுப்பு’ என்று மூன்று முறை சொன்னார்கள். கண்ணை மூடினால் இமை எரிகிறது என்று ஒருத்தி சொன்னாள். திறந்துகொண்டே சொல்ல அனுமதி தரப்பட்டது.

நிகழ்ச்சியின் சிகரமாக அறிவுமதி ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். பொன்னாடை போர்த்துவது எல்லோரும் செய்வது. தொழிலாளி ஒருத்தி, தன் கையால் நிரப்பிய க்ரீமை, முதலாளியின் மனைவிக்குத் தன் கையாலேயே பூசி மரியாதை செய்வது எவ்வளவு உருக்கமாக இருக்கும். அதில் மனதார நம்பிக்கை வைத்துத்தான் அறிவுமதி அதைச் சேர்த்தார். இதை அவருக்காகச் சொல்லியே ஆகவேண்டும். க்ரீமில் கெடுதல் எதுவும் இல்லை என்று அந்த மண்டபத்தில் நம்பிய ஒரே அதிகாரி அவர். பூசுவதற்குக் கலைவாணியையே தேர்ந்தெடுத்தார். புண்பட்டவளை மேடையேற்றினால் மனம் ஆறும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

கலைவாணி மேடையேறினாள். அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் ஜெயத்தின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் மரியாதையை மறுக்கக்கூடாது என்று முகத்தை முன்னால் நீட்டினார். கலைவாணி டப்பாவைத் திறந்தாள். விரலில் எடுத்தாள். விரல் கன்னத்துக்குப் போனது.

“ஏய், கைய எடு.”

கோவிந்தராசு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்து கலைவாணியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஜெயம் திகைத்துப்போனார். “ஏங்க, என்னாச்சு. நம்ம க்ரீம்தானே.”

“உனக்கு எதுக்கும்மா இதெல்லாம். உன் மொகம் என்னத்துக்கு ஆவறது.”

மைக் அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும், காபி ஊற்றிக்கொண்டிருந்த ஹோட்டல்காரர்கள் வரைக்கும் அது தெளிவாகக் கேட்டது.

புரொஜெக்டர் ‘உங்கள் அழகு உங்கள் மனதில்’ என்று சுவரில் காட்டிக்கொண்டிருந்தது. கலைவாணி கையை விடுவித்துக்கொண்டாள். விரலில் இருந்ததை டப்பாவின் விளிம்பில் வழித்து, மூடியைத் திருகி, மேசையில் வைத்தாள். நிபுணரைப் பார்த்துக் கேட்டாள்:

“மொதலாளியும் கனகாம்பரமா சார்?”

அன்பழகன் அனுபவசாலி. சார் அவர்களுடைய ஆளுமை ‘காக்கும் வகை’யைச் சேர்ந்தது, இது பற்றி அடுத்த அமர்வில் விரிவாகப் பார்ப்போம் என்று தொடங்கினார். கலைவாணி படியிறங்கி நேராக வாசலுக்கு நடந்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்து அவள் பின்னால் போனார்கள். ரோஜாக்களும் போனார்கள். சின்னப்பொண்ணு மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். பிரியாணி என்ன பாவம் பண்ணியது என்பது அவள் கட்சி.

காரில் ஏறும்போது ஜெயம் அறிவுமதியைக் கூப்பிட்டார். “மேடைக்கு வந்த பொண்ண டாக்டருகிட்ட காட்டினாங்களா?”

“ஆலோசனை குடுத்திருக்கோம்மா.”

ஜெயம் கணவன் பக்கம் பார்க்காமல் கார்க் கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை கோவிந்தராசு அறிவுமதியிடம் சுருக்கமாகச் சொன்னார். “அவ எந்தப் பூவா இருந்தா எனக்கென்ன. தோட்டத்துல இருக்கக் கூடாது.” ‘டபுள் பவர்’ சரக்கு நிறுத்தப்படவில்லை. புதுச்சேரிக்குள் மட்டும் விற்பதில்லை என்று முடிவானது. முதலாளிக்கு ஊர்ப்பற்று உண்டு. மேற்கே போகும் டப்பாக்களில் புதிதாக ஒரு வரி அச்சாயிற்று: ‘லேசான எரிச்சல், பலன் தொடங்கியதன் அறிகுறி.’ அந்த வரியை எழுதிக் கொடுத்தவர் அறிவுமதி.

கலைவாணி மகளை அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். அபி அந்த வருஷப் பரீச்சை எழுதவில்லை. திட்டு முழுதாகப் போகாது, மங்கும் என்று டாக்டர் சொன்னார். ஜூன் மாதம் மறுபடி ஒன்பதாம் வகுப்புக்கே போய் உட்கார்ந்தாள். முதல் வாரம் துப்பட்டா இருந்தது. பிறகு புழுக்கம் தாங்காமல் எடுத்துவிட்டாள். கலைவாணி ஒரு தையல் கம்பெனியில் பட்டன் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் குறைவு.

அறிவுமதிக்கு அந்த ஆண்டு இறுதியில் ஒரு தொழில் அமைப்பு ‘பெண்களின் தன்னம்பிக்கையை வளர்த்த மேலாளர்’ என்ற விருதை வழங்கியது. போட்டோ எடுக்கும்போது, ஃப்ரேம் அடைக்கும் என்று முதலாளி அவரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். கேடயத்தை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பின்னால் தள்ளி நின்றார். மனதில் வந்த வலிக்கு உடனே ஒரு பெயரும் வைத்தார்.

அன்றைய விருது உரையில், மற்றவர்களின் உணர்வை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவர் புதுவையிலேயே இல்லை என்று பாராட்டினார்கள். முற்றிலும் உண்மை. மனைவியின் கன்னத்துக்குக் குறுக்கே கோவிந்தராசுவின் கை பாய்ந்ததே, அது பயம் என்பதும், எதைப் பற்றிய பயம் என்பதும் அந்தக் கணமே அறிவுமதிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் பயிலரங்குக்கு மறுநாள் காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உணர்வு முதிர்ச்சி போதாத காரணத்தால் கலைவாணியை வேலையிலிருந்து நீக்குவதாக, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்து முடித்தார்.